நிரம்பிய பென்டிரைவின் நிறை

மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கின் வீடியோ ஒரேயொரு பென்டிரைவில்தான் இருந்தது. படம்பிடித்தவர் கடையைப் பூட்டிவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார். எங்கள் லப்டொப்பைத் திருத்தக் கொடுத்திருந்த வாரத்தில், அதே மாதிரியான வெறும் பென்டிரைவ் ஒன்றை அவள் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டில் எது வெறுமையானது என்று தெரியவில்லை. மாறிக் கொடுத்தால் ஆசிரியர் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

"நிரம்பினது கொஞ்சம் பாரமா இருக்குமோ?" என்று மகளைக் கேட்டேன்.

"தியரிப்படி இருக்கலாம், அம்மா. ஆனா எந்தத் தராசும் காட்டாது."

அவள் சொன்னதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, அவளையும் இழுத்துக்கொண்டு, லண்டன் ஹரோவில் வழக்கமாகப் போகும் நகைக்கடைக்கு ஓடினேன். மூக்குத்திக் கல்லையே நிறுக்கிற தராசு அங்கே இருக்கிறது.

கடைக்காரர் இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நிறைதான், தங்கச்சி. செய்கூலி போடட்டோ?"

நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய், ஒன்றை எடுத்துச் சுவரில் இருந்த டிவியில் செருகினார். செயற்கைப் புகைக்கு நடுவே, பெரிய அன்னப்பறவை ஊர்தி ஒன்றிலிருந்து என் மகள் இறங்கி வந்தாள்.

"அம்மா, நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

நான் நிம்மதியோடு மற்றப் பென்டிரைவை அவள் கையில் வைத்தேன். காப்புப் பார்க்க வந்த ஒரு அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பொறு பிள்ளை, ஆராத்தி எடுக்கிறதையும் பாத்திட்டுப் போறன்."