செங்கம் ரோடு ஸ்போக்கன் தமிழ்

குழந்தைகள் நோட்டுப் புத்தகம் இல்லாமல், ஊட்டுகிற சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடும் ஒன்றை, வளர்ந்த ஆட்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கிற தொழில் என்னுடையது. செங்கம் ரோட்டில், ஆசிரமம் பக்கம், ஒரு மாடி அறையில் வெளியூர்க்காரர்களுக்குப் பேச்சுத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். வடக்கிலிருந்து வந்த மருமகளுக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ 'ழ' சொல்லிக்கொடுத்து நாக்கு சுளுக்கிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் மாணவர்

இந்த வகுப்புக்கு முன்னால் ஸ்கூலில் தமிழ் டீச்சராக இருந்தவள் நான். அந்தப் பழக்கத்தில், முதலில் வந்த இத்தாலிக்காரர் மார்க்கோவுக்குப் பாடப்புத்தகத் தமிழையே சொல்லிக்கொடுத்தேன். மனுஷன் ஒரு மாதம் உருப்போட்டார். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரீட்சை வைக்கலாம் என்று கீழே இருக்கும் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

மார்க்கோ நிமிர்ந்து நின்று, "ஐயா, வணக்கம். சர்க்கரை குறைவாக ஒரு தேநீர் வேண்டும். விரைந்து தர இயலுமா?" என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். ஒருவர் எழுந்து உட்கார இடமே கொடுத்துவிட்டார். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "மீட்டிங் எத்தன மணிக்குங்க டீச்சர்? மைக்செட்டெல்லாம் சொல்லியாச்சா?"

பாய் வீட்டுக் கவலை

மறுநாளிலிருந்து நானும் பேச்சுத் தமிழுக்கு இறங்கிவிட்டேன். என் அறைக்குக் கீழே ரஹீம் பாயின் தையல் கடை. அவர் வீட்டில் உருது பேசுவார்கள். பேசுவார்கள் என்றால், பாய் பேசுவார். பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வார்கள். ஒருநாள் மத்தியானம் கழுத்தில் டேப்போடு மேலே ஏறி வந்தார். உருதுக்கும் இந்த மாதிரி ஒரு கிளாஸ் வைக்க முடியுமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "எங்கப்பா எங்கிட்ட பேசின பாஷைங்க. எங்கிட்டயே நின்னுடும் போல இருக்குது" என்றார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "வீட்ல இப்போ உருது கம்மியாயிடுச்சு டீச்சர். தமிழ் ஜாஸ்தியாயிடுச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியதும் அவசரமாக விளக்கினேன். "பாய், நீங்க சொன்ன 'கம்மி', 'ஜாஸ்தி' ரெண்டுமே உங்க வீட்டு உருதுலேருந்து வந்த வார்த்தைங்க. இந்த ஊர்ல அது ரெண்டும் இல்லாம ஒரு கிலோ கத்திரிக்கா வாங்க முடியாது." பாய் டேப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "அப்போ எங்க வீட்டு சாமான் உங்க வீட்ல இருக்குதுன்னு சொல்லுங்க. இருக்கட்டும், இருக்கட்டும், நல்லா யூஸ் பண்ணிக்குங்க!"

அகராதியில் இல்லாதது

பின்தெருவில் ஒரு ஜெர்மன் குடும்பம் இருந்தது. மகள் லேனாவுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு மஞ்சுளாவின் பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தெருவில்தான் இருப்பாள். மகள் தெருவில் என்ன பேசுகிறாள் என்று தெரிந்துகொள்ளவே அவள் அம்மா என் வகுப்பில் சேர்ந்தார். ஒருநாள் குழம்பிப்போய் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். லேனா கேட்டில் ஏறி நின்று கத்தினாள்: "வாங்கடா, ஷ்பீல் பண்ணலாம்!" பிள்ளைகள் பறந்து வந்தார்கள். 'ஷ்பீல்' அவர்கள் பாஷையில் விளையாட்டு. 'பண்ணு' நம்முடையது. போன் பண்ணு, அட்ஜஸ்ட் பண்ணு என்று நாம் ஒட்டுவதைக் கேட்டு, அதே பசையால் தன் வார்த்தையையும் ஒட்டிவிட்டாள். அவள் அம்மாவுக்கு இந்தப் பாடம் நடத்த எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

போன வருஷம் அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. வார்த்தை திரும்பவில்லை. லேனாவைப் பார்த்தே இராத பொடிசுகள்கூட இப்போது 'ஷ்பீல்' பண்ணுகின்றன. அன்றைக்கு மஞ்சுளாவே வாசலில் நின்று, "ஷ்பீல் பண்ணது போதும், உள்ள வந்து எழுதுங்க!" என்று அதட்டினாள். "அது என்ன பாஷைன்னு தெரியுமா மஞ்சுளா?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தமிழ்தான் டீச்சர். உங்க கிளாஸ்ல இதெல்லாம் வராதா?"

எட்டு வாக்கியம்

நவீன் கனடாவில் பிறந்து வளர்ந்த பையன். அவன் அப்பாவுக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நிலம் பிரித்ததில் அண்ணனோடு சண்டை போட்டு வெளியேறியவர், சாகும்வரை அண்ணனிடம் பேசவில்லை. அந்தக் கோபத்தில் மகனிடம் தமிழும் பேசவில்லை. சென்னையில் நவீனுக்குக் கல்யாணம். பெரியப்பாவை நேரில் பார்த்து, தன் வாயாலேயே தமிழில் கூப்பிட வேண்டும் என்று வந்து நின்றான். எட்டு வாக்கியம் எழுதிக்கொடுத்தேன். 'அப்பா உங்கள மறக்கவே இல்ல' என்பதுகூட அதில் உண்டு. இரண்டு வாரம் சாப்பிடும்போதும் நடக்கும்போதும் சொல்லிப் பார்த்தான். துணைக்கு என்னையும் அழைத்துப்போனான்.

"வணக்கம் பெரியப்பா. நான் நவீன்." அவ்வளவுதான் வந்தது. பெரியப்பா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பையனுக்கு மீதி ஆறும் போயே போச்சு. ஓரத்திலிருந்து நான் வாயசைத்தேன். அவன் பார்க்கவே இல்லை. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது, அப்பா தன்னை மறந்து பேசிய ஒரே தமிழ். பனி கொட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகாத காரைப் பார்த்து அவர் கத்துவது. "கெளம்பு கழுத, கெளம்பு!"

தண்ணீர் கொண்டுவந்த பெரியம்மா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். நான் என் செருப்பு எங்கே என்று பார்த்தேன். பெரியப்பாவின் தோள் குலுங்கியது. கோபம் என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறார். கிணற்று மோட்டார் ஓடாவிட்டால் தம்பி இதே வார்த்தையைத்தான் கத்துவான் என்று பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு எழுந்து, நவீன் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, ஆணியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கெளம்பிட்டேன்டா. கல்யாணம் என்னிக்கு?"

பேச்சு யாரிடமிருந்து யாருக்கு, எப்படிப் போய்ச் சேரும் என்று எந்த டீச்சராலும் பாடத்திட்டம் போட முடியாது என்பது தெரிந்தும், திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணிக்குப் போர்டைத் துடைத்துவிட்டு நான் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.