குவைத்துக்குப் போன பாஸ்வேர்டு

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவளுக்கு வைரஸை விடப் பெரிய தலைவலி, அப்டேட் போடும்போது திரையில் வந்து நிற்கும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்கிற ஒரு வரிதான். அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அறந்தாங்கியில் கடை போட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இந்த வரியை வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

மில்காரர் கேட்ட கேள்வி

பொன்னமராவதிப் பக்கம் ஒரு அரிசி மில். பில் போடும் சாப்ட்வேர் அப்டேட் ஆகாமல், அனுமதி இல்லை என்று அடம்பிடித்தது. மில்காரர் ஒன்பது தடவை அழுத்திப் பார்த்திருக்கிறார். பத்தாவது தடவை அழுத்தின வேகத்தில் மவுஸ் போய்விட்டது. வேறு மவுஸ் மாட்டி, ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். ரெண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது. மனுஷனுக்குச் சந்தோஷமே இல்லை. "ஏம்மா, மில்லு என்னுது, பொட்டி என்னுது, கரண்டு பில்லும் நாந்தான் கட்டுறேன். எனக்கு அனுமதி இல்லன்னு சொல்ல இது யாரும்மா?"

மூன்றரை மணிக்கு வந்த போன்

செல்வி எம்.ஏ. தமிழ் படித்து, பி.எட். முடித்தவள். வீட்டுக்காரர் குவைத்தில். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தரும் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அன்றைக்கு நாலு மணிக்கு மாதிரி வகுப்பு. தவறவிட்டால் வேலை கிடையாது. மூன்றரைக்குப் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், அப்டேட் போடாமல் வகுப்பு சாப்ட்வேர் திறக்கவில்லை. அப்டேட்டோ அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. லீவில் வருகிறவர் லேப்டாப் வாங்கி, தன் பேரில் எல்லாம் செட் செய்து, பிள்ளைகள் கேம் ஏற்றிவிடக் கூடாதென்று பாஸ்வேர்டும் போட்டுவிட்டு பிளேன் ஏறிவிடுவார்.

"அவருக்குப் போன் போடு" என்றேன். டூட்டியில் போன் லாக்கரில் இருக்குமாம். தவிர, மனுப் போட்டதையே அவரிடம் சொல்லவில்லையாம். போன வருஷம் ஒரு பள்ளிக்கூட வேலை வந்தபோது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மறுத்துவிட்டாராம்.

பாஸ்வேர்டை உடைக்கத் தெரியாதா எனக்கு? ஆனால் பொட்டிக்குச் சொந்தக்காரர் வாயால் சொல்லாமல் உடைப்பதில்லை. ஒருமுறை உடைத்துக் கொடுத்து, ஒரு அண்ணன் தம்பி சண்டையில் நடுவில் மாட்டி முழித்திருக்கிறேன். செல்வி முகத்தைப் பார்க்கப் பார்க்க என் கொள்கை மேல் எனக்கே எரிச்சலாக வந்தது. ஸ்கூட்டரை விரட்டிப் போய், கடையிலிருந்த என் லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். நாலு அடிக்க ரெண்டு நிமிஷம். "அக்கா, நீங்க கொஞ்சம் அங்கிட்டுப் போயி உக்காருங்க. நீங்க பாத்தா எனக்கு வார்த்தையே வராது."

ஏழரை மணிக்கு வந்த போன்

லேப்டாப்பை எடுக்க சாயங்காலம் திரும்பப் போனேன். வேலை கிடைத்துவிட்டது! எனக்குத்தான் குதிக்க வேண்டும்போல இருந்தது, அவளுக்குப் பயம். திங்கட்கிழமையிலிருந்து தினமும் வகுப்பு. எத்தனை நாளைக்கு என் லேப்டாப்பை இரவல் வாங்குவாள்? அவரிடம் சொல்லித்தான் ஆகணும்.

ஏழரைக்கு அவர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, மூச்சு விடாமல் அத்தனையும் சொல்லி முடித்தாள். "நான் வேலைக்குப் போகத்தான் போறேன். பாஸ்வேர்டச் சொல்லுங்க" என்றாள். சரி, இன்றைக்கு எனக்கும் சேர்த்துத் திட்டு கிடைக்கும் என்று செருப்பைத் தேடினேன். அப்புறம்தான் அவர் தொண்டையைச் செருமினார். "பாஸ்வேர்டா... அது எனக்கே மறந்துபோச்சு செல்வி. அந்த அக்காவ ஒடச்சு விடச் சொல்லு. புதுசா போடுறத நீயே வச்சுக்க, எங்கிட்ட சொல்லாத, மறுபடி மறந்துருவேன்."

பூட்டின ஆளுக்கே சாவி எங்கே என்று தெரியாத பூட்டுக்கு முன்னால்தான் நாம் பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம், மக்களே.