ரேணிகுண்டாவில் கிளம்பாத ரயில்

திருப்பதியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணல். இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையே சத்தியவேடு பக்கம் செல்போன் கம்பெனி வேலைக்குப் போவதாகச் சித்தப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதே நான்தான். எம்.ஏ.வுக்கு மேல் எதற்கு என்பது அவர் கேள்வி.

புத்தூரில் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) நானும் பாசஞ்சர் ஏறினோம். ரேணிகுண்டாவில் நைனா டீ குடிக்க இறங்கினார். நான் மறுபக்க ஜன்னலில், அடுத்த தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று எங்கள் வண்டி கிளம்பியது.

"நைனா, வண்டி போவுது! ஓடியா!"

பிளாட்பாரத்தில் நைனா டீயை ஊதிக்கொண்டு நின்றார். "எங்க போவுது? கூட்ஸுதான் போய்க்கினு கீது. மூளையப் பத்திப் படிக்கிறவ கத்துற கத்தலப் பாரு!"

பெட்டியே சிரித்தது. பிளாட்பாரத்தைப் பார்த்ததும் எங்கள் வண்டி நின்றுவிட்டது. மறுபடி கூட்ஸைப் பார்த்தேன். நிற்கிறோம் என்று தெரிந்தும் நகர்வது போலவே இருந்தது.

நேர்காணலில் குழுத் தலைவர் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து கேட்டார். மூளை எதையும் முன்கூட்டியே ஊகித்துத்தான் பார்க்கிறது என்கிறார்கள். பார்ப்பது, கேட்பது எல்லாம் மூளைக்குள் தனித்தனி அறைகள், நமக்குத் தெரிந்தது அங்கே நுழையாது என்றும் சொல்கிறார்கள். இரண்டில் எதை விடுவாய்?

மனப்பாடம் செய்த பதிலை விழுங்கிவிட்டுக் கூட்ஸைப் பற்றிச் சொன்னேன். வெளியே எல்லாம் நகர்ந்தால் பெரும்பாலும் நகர்வது நாம்தான். அது நல்ல ஊகம். ஆனால் ஊகித்தது பார்வையின் அறை. எனக்குத் தெரிந்ததை அது கேட்கவே இல்லை. அறைக்குள்ளேயே ஊகம் நடக்கலாம். எதையும் விட வேண்டியதில்லை.

"பிளாட்பாரத்தப் பாத்ததும் சரியாயிடுச்சே? அப்ப செவுரு எங்கம்மா?" என்று மடக்கினார் பக்கத்திலிருந்த பேராசிரியை.

கண் கொண்டுவந்த செய்தியை அது ஏற்றது, என் பேச்சை ஏற்கவில்லை என்றேன். சுவரில் கதவு உண்டு. யாரை விடும், யாரை விடாது என்பதைத்தான் நான் ஆராய வேண்டும்.

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "சரிம்மா, அதையே தலைப்பா வெச்சிக்கோ."

வெளியே வந்து சொன்னதும் நைனா சித்தப்பாவுக்குப் போன் போட்டார். வளாகமே திரும்பிப் பார்க்கிற குரல். "டேய், கம்பெனி வேன்ல எம்பொண்ணுக்குப் புடிச்ச சீட்டுல நீயே குந்திக்கினு போ!"

திரும்புகிற ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், ஆராய்ச்சி மாணவி என்று.