பேச்சியம்மா வாங்கிய நாற்காலி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பேச்சியம்மா கொழுந்தெடுத்தாள். சின்ன வயதிலேயே கூடை மாட்டியவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறினால் அந்தி வரைக்கும் நின்ற நிலைதான். வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினால் அடுப்படியில் குந்தியிருப்பாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதில் உட்கார்ந்து தன் சோற்றைச் சாப்பிடுவாள். நாற்காலி என்றால் அவளுக்கு, தோட்டத்து ஆபீசில் மற்றவர்கள் உட்காரும் ஒரு சாமான்.

அவள் சம்பளத்தைத் தோட்டத்து வழக்கப்படி புருஷன் இராமையாதான் வாங்கி வருவான். அவன் கெட்டவனில்லை; வாங்கியதை வீட்டுக்கே கொண்டுவருகிறவன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் கொழுந்துக்கு அன்றைக்கே கூலி, எடுத்தவள் கையிலேயே கொடுப்பார்கள். அதற்குப் பேரே கைக்காசு. பேச்சியம்மாவின் கைக்காசு ஒரு தகர டப்பாவில் சேரும். அதிலிருந்துதான் மகள் மீனம்மாவுக்குப் பாவாடை சட்டை வந்தது. அவள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வந்தது. இராமையாவுக்கு மழைக்கோட்டு வந்தது. கந்தப்பளையில் கட்டிக்கொடுத்த மீனம்மா உண்டாகியிருக்கிறாள் என்று சேதி கிடைத்ததும், இனிமேல் சேருவது பிறக்கப்போகும் பிள்ளையின் வெள்ளிக் கொலுசுக்கு என்று அவள் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், தோட்டத்தை நடத்திய பெரிய துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். பங்களாச் சாமான்களை விற்றார்கள். அலமாரியும் மேசையும் கட்டிலும் ஆபீஸ் கிளாக்கர்மாருக்கும் டவுன் முதலாளிமாருக்கும் போய்விட்டன. மறுநாள் பங்களாவைக் கூட்டிக் கழுவப் பேச்சியம்மாவை அனுப்பியிருந்தார்கள். வராந்தாவில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அகலமான, முதுகு சாய்ந்த நாற்காலி. ஒரு கைப்பிடியில் பிரம்பு பிய்ந்து தொங்கியதால் யாரும் எடுக்கவில்லை.

பங்களாச் சமையல்காரர் சூசைரட்ணம், "சும்மா உக்காந்து பாரும்மா. கேக்குறதுக்கு ஆளா இருக்கு இப்ப?" என்றார்.

பேச்சியம்மா விளக்குமாற்றைச் சாய்த்துவைத்துவிட்டு விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். முதுகு தானாகவே பின்னால் சாய்ந்தது. கூடைக் கயிறு இழுத்து இழுத்து இறுகிப்போன கழுத்து மெல்லத் தளர்ந்தது. வராந்தாவுக்கு வெளியே, தினமும் அவள் ஏறி இறங்கும் மலை பச்சையாக விரிந்து கிடந்தது. உட்கார்ந்தபடி அதை அவள் பார்த்ததே இல்லை.

"இது என்ன விலைங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தானா என்று அவளே திகைத்தாள்.

"யாருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்குங்க. அவருக்கு இடுப்பு வலி."

இராமையாவுக்கு ஒரு வலியும் கிடையாது. டப்பா காலியானது. கால்கள் மேலே நிற்க நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே அவள் இறங்கி வந்ததைப் பார்த்த லயமே சிரித்தது.

"எனக்கா வாங்குன?" என்று இராமையா பூரித்துப்போனான். இரண்டு நாள் அதில் உட்கார்ந்து பீடி குடித்தான். மூன்றாம் நாள், "காலத் தொங்கப்போட்டா மரத்துப்போகுது, புள்ள" என்று பழையபடி வாசல் இஸ்தோப்பில் குந்திக்கொண்டான். அதன் பிறகு யாராவது விருந்தாளி வந்தால்தான் நாற்காலிக்கு வேலை. பேச்சியம்மா தினமும் அதைத் துடைப்பாள், உட்காரமாட்டாள். ஒருநாள் தனியாக இருந்தபோது உட்கார்ந்தாள். வெளியே யாரோ செருமிய சத்தம் கேட்டதும் திருடி மாதிரி எழுந்து நின்றாள்.

மீனம்மா ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. தொட்டிலில் போட்ட அன்று சம்பந்தி வீட்டார் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயிதான், "அம்மாயி வீட்டுக் கொலுசு எங்கடி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். பேச்சியம்மா உள்ளே போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை வீணாகக் கிளறினாள்.

மறுநாள் காலையில் அவள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துவைத்து, தலையில் சும்மாடு வைப்பதை மீனம்மா பார்த்தாள்.

"எங்கம்மா தூக்கிட்டுப் போற?"

"டவுன்ல கேட்டாங்க. குடுத்துட்டு, பிள்ளைக்குக் கொலுசு வாங்கிட்டு வந்துர்றேன்."

"அப்பாவுக்கு வாங்கினதா சொன்னியே?"

பேச்சியம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இல்ல. எனக்குத்தான் வாங்குனேன்" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. "கொலுசுக்குச் சேத்த காசும்மா அது. எம் புத்தி ஏன் அப்படிப் போச்சுன்னே தெரியல. உக்காந்தேன், நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்."

மீனம்மாவுக்கு முதலில் சுருக்கென்றது. அவளும் கொலுசை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்பறம் ஒருநாளும் நீ உக்காந்து நான் பாக்கலியே?"

"எப்படிம்மா உக்காருவேன்? உக்காந்தா முள்ளு மாதிரி குத்துது."

"நான் போன மாசமெல்லாம் இதுலதானே கால நீட்டிக் கெடந்தேன். எனக்குக் குத்தல." மீனம்மா நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டாள். "நீ இதை வித்துப்புட்டா அதைத்தான் நானும் படிச்சுக்குவேன். நாளைக்கு எனக்குன்னு ஒன்னு ஆசப்பட்டா, பயந்து வேண்டாம்னுருவேன். இவளும் அப்படித்தான் வளருவா. உக்காரும்மா."

"அப்ப வேலைக்காவது போறேன், நேரமாச்சு..."

"பெரட்டுக்கு இன்னும் தப்பு அடிக்கல. உக்காரு."

பேச்சியம்மா உட்கார்ந்தாள். மகள் பிள்ளையை அவள் மடியில் கிடத்தினாள். பல் விளக்கிக்கொண்டு வந்த இராமையா வாசலில் நின்று பார்த்தான். அவன் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "இடுப்பு வலி எப்படி இருக்குன்னு அந்த சூசைரட்ணம் டவுன்ல என்னைய விசாரிச்சப்பவே சந்தேகப்பட்டேன்" என்றான். மீனம்மா சிரித்தாள். பேச்சியம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். அன்று பெரட்டுக்கு அவள்தான் கடைசி.

கொலுசும் வராமல் போகவில்லை. பிள்ளை தவழத் தொடங்கியபோது கைக்காசில் வாங்கிக் கந்தப்பளைக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். அந்தி நேரத்தில் நாற்காலியில் உட்காருவதும் மெதுவாகப் பழகிவிட்டது. முதலில் கொஞ்ச நேரம், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. பிறகு இஸ்தோப்பில், போகிறவர் வருகிறவர் பார்க்க. ஒருநாள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். காந்தல் வாசம் லயம் முழுக்க வீசியது. அவள் பதறி விழித்தபோது இராமையா பானையை இறக்கிவைத்து, மேல்சோற்றை இரண்டு கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அடிதான் பிடிச்சிருக்கு, மேலே நல்லாத்தான் இருக்கு" என்றான். ஒரு கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் குந்திச் சாப்பிடத் தொடங்கினான். பேச்சியம்மா எழுந்திருக்கவில்லை. நாற்காலியிலேயே இருந்து சாப்பிட்டாள்.