நாயின் நிறை

நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு என்பதை அதன் நிறையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். அதுவோ தராசில் நிற்காது.

"அப்பா, நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கோ. பிறகு உங்கடை நிறையைக் கழிப்பம்" என்றாள் மகள்.

தூக்கினேன். ஈர ரோமத்தின் மணம் முகத்தில் அடித்ததும் சின்னப் பெடியனாய், கரம்பொன் ஊரில் எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் நின்றேன்.

என் தகப்பன், அப்பு, கடலால் வந்ததும், தோளில் கிடக்கும் வலையைக்கூட இறக்காமல், எங்கள் நாய் மணியனை இரண்டு கையாலும் தூக்குவார். அதுதான் அவருடைய தராசு. "மெலிஞ்சு போனாய், ராசா" என்று சொல்லி, கறிக்கு வைத்த சூடை மீனில் இன்னும் இரண்டை அதற்கு அவித்துப் போடுவார். அதற்கு எத்தனை, எனக்கு எத்தனை என்று தினமும் எண்ணினேன். மீன் போனால் போகட்டும். அந்தக் கைகளைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் முன்னால் போய் நின்றேன். "அப்பு, என்னையும் தூக்கிப் பாருங்கோ."

"உன்னை ஏன்ரா? அது வாயில்லாச் சீவன். உனக்குப் பசிச்சால் கேக்க வாய் இருக்குத்தானே" என்று மணியனின் வயிற்றைத் தடவினார்.

மகள் இருவரின் நிறையையும் சேர்த்துக் குறித்துக்கொண்டதும், நாயை இறக்கிவிட்டுத் தனியே தராசில் ஏறினேன். போன மாதத்தைவிட இரண்டு கிலோ குறைந்திருந்தேன். மகள் என்னைக் கழித்துவிட்டு, "ஐயோ, செல்லம் மெலிஞ்சு போச்சு" என்று நாயின் கோப்பையை நிரப்பினாள்.

எனக்கு வாய் இருக்கிறதுதானே. திறந்தேன்.

"நானும் மெலிஞ்சு போனன், பிள்ளை."