பனிக்கடல் கப்பலும் ஜஹனாராவின் இத்தாவும்

குளிரைப் பார்க்கக் காசு கொடுத்துப் போகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று இனாயத் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மார்கழி வந்தாலே ஆம்பிளைகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு விறகடுப்பைவிட்டு நகர மாட்டார்கள். இவன் என்னடாவென்றால், சீமைப் பணக்காரர்கள் உலகத்தின் அடிமுனைக்குக் கப்பலேறிப் போய்ப் பனிமலையையும் பறக்கத் தெரியாத பறவையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள், அந்தக் கப்பலில் அவர்களுக்குச் சாப்பாடு பரிமாறுகிற வேலை எனக்கு என்கிறான்.

"ஒரு ஆள் டிக்கெட் துட்டுக்கு ஆழ்வார்பேட்டைல வூடே வாங்கலாம் அக்கா."

"போலே, கதை விடாத. ஐஸைப் பாக்கணும்னா பாண்டி பஜார்ல குச்சி ஐஸ் வாங்கித் திங்கச் சொல்லு" என்றேன். ஜஹனாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சைதாப்பேட்டையில் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் எங்கள் வீடும் இனாயத் வீடும் எதிரெதிர். என் வீட்டுக்காரருக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. இனாயத்தின் பெண்சாதி ஜஹனாரா எங்கள் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். பிள்ளை இல்லை. அதை யாராவது கேட்டால் "அவரே எனக்குப் புள்ள மாதிரிதான்" என்பாள். அது உண்மைதான். அவன் வாயாடி, விளையாட்டுப்பிள்ளை, தைத்துப் போட்ட பட்டன்கூட ஒரு வாரத்துக்கு மேல் சட்டையில் நிற்காது.

மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றில் பரிமாறிக்கொண்டிருந்தவனை அங்கே சாப்பிட வந்த கப்பல்காரர் ஒருவர் பிடித்துப்போய்க் கூட்டிக்கொண்டு போனார். அது எழுபதாம் வருஷம். அதற்கப்புறம் ஐப்பசியில் போனால் சித்திரையில்தான் திரும்புவான். வந்தால் எங்கள் சந்துக்கே கொண்டாட்டம். முற்றத்தில் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் சோறு குழைந்து போகும்.

சின்னக் கப்பலாம், ஆனால் உள்ளே கால் புதைகிற கம்பளமாம். பயணிகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு இனாமாகக் கொடுப்பார்களாம். ராத்திரி பத்து மணிக்கும் சூரியன் இருக்குமாம். ரப்பர் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோவார்களாம், கிழவிகளைக் குழந்தை மாதிரி தூக்கி இறக்கணுமாம். கரையில் இவன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு சூடாக சூப் ஊற்றிக் கொடுப்பானாம்.

"கடல்ல மெதக்கிற ஐஸை ஒடச்சி விஸ்கில போட்டுக் குடிப்பாங்க அக்கா. ஆயிரக்கணக்கான வருசத்து ஐஸாம். கிளாஸைக் காதுல வெச்சி அது வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கினு இருப்பாங்க."

"அதையெல்லாமா நீங்க தொட்டு ஊத்துறீங்க?" என்று ஜஹனாரா முகத்தைச் சுளிப்பாள். "ஊத்தத்தான் ஊத்துறேன், குடிக்கலியே" என்று அவள் கன்னத்தைக் கிள்ளுவான். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

அந்த ஊரில் என்ன இல்லை என்று ஒரு தடவை கேட்டேன். "மரம் இல்ல. காக்கா இல்ல. பாங்கு சத்தம் இல்ல. செத்தா பொதைக்க மண்ணு இல்லக்கா, எல்லாம் பாறையும் ஐஸும்" என்றான். ஜஹனாரா அவன் வாய்மேல் ஓர் அடி வைத்தாள்.

எழுபத்துமூன்றாம் வருஷம் ஐப்பசியில் போனவன் திரும்பவில்லை.

கடிதம் வராததில் எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கப்பல் பனிக்கடலுக்குள் போய்விட்டால் எப்போதுமே கடிதம் வராது. பக்ரீதுக்கு ஜஹனாரா மருதாணி வைத்துக்கொண்டாள். எனக்கும் வைத்துவிட்டாள். "இந்தத் தடவ வந்தா இனிமே போவ வேணாம்னு சொல்லப் போறேன் அக்கா. பேசாம பாய்ஜான் கடையில உக்காரட்டும்" என்றாள். பாய்ஜான் என்று அவள் சொல்வது இனாயத்தின் அண்ணன் அப்துல் கய்யூமை. சைதாப்பேட்டை பஜாரில் அவருக்குப் பஞ்சு மெத்தைக் கடை. அப்பா இல்லாத இனாயத்தைத் தோளில் போட்டு வளர்த்தவர்.

அவர் மகள் நஸ்ருன்னிசாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பக்ரீது கழிந்ததும் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு நெஞ்சுவலி வந்து தள்ளிப்போயிற்று. அப்புறம் முஹர்ரம், அப்புறம் சஃபர். அந்த மாதங்களில் அவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. இப்படியே தள்ளித் தள்ளிச் சித்திரைக் கடைசியில் போய் நின்றது. இனாயத் இன்னும் வரவில்லை, கப்பல் தாமதம் என்றுதான் நினைத்தோம்.

அந்தக் கல்யாணத்துக்கு ஜஹனாரா ராப்பகலாகத் தைத்தாள். சிவப்பு ஜரிகைப் புடவை கட்டினாள். கை நிறையக் கண்ணாடி வளையல். மஞ்சள் பூசுகிற அன்று, புருஷன் உயிரோடு இருக்கிற பெண்கள்தான் முதலில் மணப்பெண்ணுக்குப் பூச வேண்டும். "சித்தி நீங்கதான் மொதல்ல" என்று நஸ்ருன்னிசா கையை இழுத்தாள். ஜஹனாரா கன்னத்தில் பூசி, நெற்றியில் பூசி, அவள் மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அவளும் பாடினாள். நல்ல குரல் அவளுக்கு.

கய்யூம் பாய் பின்பக்கம் பிரியாணி அண்டாக்களுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன், அழத்தானே செய்வான் என்று நினைத்தேன். "புகை பாய், தள்ளி நில்லுங்க" என்றுகூடச் சொன்னேன். பாவி மனுஷன் தலையை ஆட்டினார்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் எதிர்வீட்டில் ஓர் அலறல் கேட்டது. கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கய்யூம் பாய் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜஹனாரா துவைக்கிற கல்லில் கையை அறைந்து வளையல்களை உடைத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டெல்லாம் ரத்தம். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

மார்கழியிலேயே செத்துப்போயிருக்கிறான். கரையில் சூப் கொடுத்துவிட்டுத் திரும்புகையில் பெரிய அலை ஒன்று ரப்பர் படகைக் கவிழ்த்துவிட்டது. சிவப்புக் கோட்டுக்காரர்களை எல்லாம் தூக்கிவிட்டார்கள். இவன் கிடைக்கவில்லை. அந்தத் தண்ணீரில் நீந்தத் தெரிந்தவனுக்கே கால் மரத்துப்போகுமாம். பெசன்ட் நகர் கடலில் முழங்கால் தாண்டி இறங்காதவன் அவன்.

கப்பல் ஏஜெண்டின் ஆள் அப்போதே துறைமுகத்திலிருந்து வந்து கடையில் கய்யூம் பாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். கல்யாணம் முடியட்டும், பத்து நாள்தானே என்று இவர் மனசுக்குள் பூட்டி வைத்தார். பத்து நாள் மாதக் கணக்கில் நீண்டுவிட்டது. சொந்தப் பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. எங்கள் ஜாதியிலும் இப்படி மறைப்பதுண்டு. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாவைச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டினவளுக்குச் சொல்லாத சாவு என்னய்யா சாவு?

ஜஹனாரா அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்தாள். "அக்கா, வெள்ளைப் புடவை ஒண்ணு எடுத்துக் குடுங்க. நான் இத்தா உக்காரணும்" என்றாள்.

புருஷன் மௌத்தானால் அவர்கள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார்கள். வாசல் தாண்டக் கூடாது, அலங்காரம் கூடாது, அந்நிய ஆண்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது. புருஷனின் அண்ணனும் அந்நியன்தான். அந்த நாட்களில் சொந்தக்காரப் பெண்கள் வந்து கூட இருப்பார்கள், சோறு கொண்டுவருவார்கள், சேர்ந்து அழுவார்கள்.

ஹஜ்ரத் நல்ல மனுஷர். மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, இத்தாவோட நாள் அவர் மௌத்தான அன்னியிலேர்ந்து கணக்கு. உனக்குத் தெரியலேன்னாலும் அது ஓடிக்கினேதான் இருக்கும். போன வாரமே முடிஞ்சிடுச்சி. தெரியாம நீ செஞ்சதுல உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவளுக்கு அப்படி இல்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள். "அப்ப நான் மருதாணி வெச்சப்பவும் அவர் இல்ல. பாட்டுப் பாடினப்பவும் இல்ல. அவரைக் குளிப்பாட்டல, கஃபன் துணி சுத்தல, ஒரு பிடி மண்ணு போடல. அவருக்குன்னு நான் குடுக்க இந்த இத்தா ஒண்ணுதான் இருந்துச்சி. அதையும் என் கையாலயே மஞ்ச பூச வெச்சிக் கழிச்சிட்டீங்களே!"

கய்யூம் பாய் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனார்.

அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. எங்கள் கடையிலிருந்து நான் கொண்டுவந்த வெள்ளை நூல் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாசலுக்கு ஒரு பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டாள். சட்டத்தில் இல்லாத இத்தா என்று தெருவில் பேசினார்கள். பெண்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். சோறு கொடுக்க நான் ஒருத்திதான் போய்வந்தேன். என்னோடும் அதிகம் பேச மாட்டாள். ரவிக்கைத் துணிகள் மெஷின்மேல் வெட்டினது வெட்டினபடி கிடந்தன.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் கய்யூம் பாய் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். நான் உள்ளே அவள் பக்கத்தில் இருந்தேன். "ஜஹனாரா, ஒரு வார்த்தை பேசணும்மா" என்று திரையில் கை வைத்தார்.

"உள்ள வராதீங்க பாய்ஜான். நான் இத்தாவுல இருக்கேன்."

"அதான் முடிஞ்சிடுச்சேம்மா..."

"எப்ப முடிஞ்சுது? எந்த அன்னிக்கு முடிஞ்சுது? நீங்களே சொல்லுங்க."

போய்விட்டார் என்று நினைத்தேன். அப்புறம் படியில் அவர் உட்காருகிற சத்தம் கேட்டது.

"அவனை நான்தாம்மா தூக்கி வளர்த்தேன்" என்றார். "சேதி வந்த அன்னிலேர்ந்து நானும் யாருக்கும் தெரியாம துக்கத்தை உள்ளயே வெச்சிக்கினு இருந்தேன். இன்னும் அவனுக்காக ஒரு தடவகூட வாய்விட்டு அழல."

ஜஹனாரா என் கையை இறுக்கிப் பிடித்தாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அழுங்க பாய்ஜான்" என்றாள். "அங்கயே உக்காந்து அழுங்க."

அவர் அழுதார். அவ்வளவு பெரிய ஆள், சந்து முழுக்கக் கேட்கும்படி தம்பி பேரைச் சொல்லி அழுதார். இவளும் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இனாயத் செத்ததற்கு எங்கள் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.