ஆறு நாற்பது வண்டியில் ஒரு பல்செட்

பல்லக்காவுக்குச் சொந்தப் பல் முப்பத்திரண்டும் கெட்டி. அந்தப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே பொக்கை வாய்க்காரர்களுக்கெல்லாம் பல் செய்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. நகரத்தில் பல் டாக்டரம்மா ஒருவரின் ஆஸ்பத்திரிக்குப் பின்புற அறையில், மெழுகும் மாவுச்சாந்தும் ராவும் கருவிகளுமாக இருபத்திரண்டு வருடம். முதலில் யார் பல்லக்கா என்று கூப்பிட்டார்களோ தெரியாது. பல்லக்கில் போகிறவள் மாதிரி இருக்கிறதே என்று அவளும் மறுப்புச் சொல்லவில்லை.

பல்லக்கில் போகவில்லை, ஆறு நாற்பது பாசஞ்சரில் போனாள். வீடு இருக்கும் சிற்றூருக்கும் நகரத்துக்கும் நாற்பத்தாறு கிலோமீட்டர். நாலே பெட்டி. ஆடி அசைந்து போனாலும் ஒரு மணி ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எதிரும் புதிருமான இருக்கை அவளுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பஸ்ஸில் போனால் முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்க்கலாம். ரயிலில் வாயைப் பார்க்கலாம். தொழில் அப்படி. யார் கொட்டாவி விட்டாலும் கடைவாய்வரை போய்விட்டு வருவாள். கல்லூரிப் பெண்கள் அவள் எதிரில் உட்கார்ந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அதே ஊரிலிருந்து அதே நகரத்துக்குத்தான் ஓட்டுகிறார்.

“கட்டின புருஷன் ஓட்டற பஸ் இருக்கு. எவனோ முகம் தெரியாதவன் ஓட்டற ரயில்லதான் போவேங்கற” என்பார்.

“அவன் பிரேக் போட்டா என் நெத்தி முன்சீட்டுல இடிக்கறதில்லைங்க” என்பாள் அவள்.

இப்படிப்பட்டவர், ஸ்டேஷன் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டப்பட்ட அன்று வெடி வெடித்துக் கொண்டாடுவார் என்றுதான் பல்லக்கா நினைத்தாள். போதிய பயணிகள் இல்லாததால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆறு நாற்பது வண்டி நிறுத்தப்படும் என்று போட்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார்.

“அத்தன பேரும் என் பஸ்ஸுலயா ஏறுவாங்க? இப்பவே கண்ணாடியில பார்த்தா பின்னாடி வர்ற லாரி தெரியறதில்ல, ஆளுங்க மூஞ்சிதான் தெரியுது. இந்தா பாரு, நீ என்ன பண்ணுவியோ ஏது பண்ணுவியோ, அந்த ரயில நிறுத்த விடாத.”

மறுநாள் சாயங்காலம் பல்லக்கா ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனாள். அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். அந்த ஊரில் அந்த வண்டிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக மூன்று டிக்கெட் விற்றிருந்தது.

“தினம் நான் ஏறும்போதே உள்ள நிக்க இடமில்ல. மூணு பேருன்னா எப்படி?”

“கவுன்ட்டர் திறக்கறது எட்டு மணிக்கும்மா. வண்டி ஆறு நாப்பதுக்குப் போயிடுது. முந்தின நாளே வந்து வாங்கி வெச்சுக்கற புண்ணியவானுங்க மூணு பேர். நீங்கல்லாம் நகரத்துல இறங்கி வாங்கறீங்க, இல்ல அங்கயே சீசன் எடுக்கறீங்க. அது அந்த ஸ்டேஷன் பேர்லதானே ஏறும்?”

“அப்ப காலையில ஆறு மணிக்குக் கவுன்ட்டரத் திறக்க வேண்டியதுதானே?”

“மூணு பேருக்காகவா?” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

கடைக்கு ஆள் வரவில்லை என்று கதவைச் சாத்திவைத்து, கதவு சாத்தியிருப்பதால் ஆள் வரவில்லை என்று சொல்லும் சாமர்த்தியம் பல்லக்காவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மூன்று மனு எழுதிப் போட்டாள். மூன்றுக்கும் ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே பதில். கையெழுத்துகூட ஒன்று போலவே இருந்தது.

மாதம் முடியப் பதினொரு நாள் இருக்கும்போது, அவளுடைய மேஜைக்கு ஒரு புது வாய் வந்தது. டாக்டரம்மா அளவெடுத்து அனுப்பிய அச்சு. மேல்வரிசை முழுக்கக் காலி. கூட வந்த சீட்டைப் படித்தவள் இன்னொரு தடவை படித்தாள். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருந்த அதே ரயில்வே அதிகாரி. அதே பேர், அதே பதவி.

அச்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வலது பக்கம் ஒரு மயிரிழை கூட்டிவிட்டால் போதும், மனிதர் ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்க மாட்டார். நினைத்தபோது இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பல்லில் விளையாட அவளுக்குக் கை வராது. அந்த வருடத்தில் செய்ததிலேயே அதுதான் நல்ல செட். விளையாட்டை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, டாக்டரம்மாவின் காதில் ஓதினாள். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் முன்னால் எழுந்து நின்று நாலு வார்த்தை பேச வேண்டும். பேச்சின் நடுவில் பல் கழன்று விழுவதுபோல மூன்று நாளாகக் கனவு வருகிறதாம்.

“அதுக்கு ஒரு சோதனை இருக்கு சார்” என்றாள் பல்லக்கா. “புதுசாப் போட்டுக்கிட்டு, வண்டி ஆட்டத்துல ஒரு மணி நேரம் உக்காந்து பேசிக்கிட்டே வரணும். அதுல கழலலைன்னா ஆயுசுக்கும் கழலாது. வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்கு எங்க ஊர் ஸ்டேஷனுக்கு வந்துடுங்க. வீட்டு மெஷின்ல கடைசி மெருகு போட்டு எடுத்துட்டு வரேன். சேர்ந்தே வண்டியில வரலாம். இங்க டாக்டரம்மா பார்த்துடுவாங்க.”

அவர் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார். “நீ போய் நகரத்து ஸ்டேஷன்ல நில்லு” என்று ஜீப் டிரைவரை அனுப்பிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பல்லை மாட்டிக்கொண்டார். திரும்பியபோது பத்து வயது குறைந்திருந்தது. பல்லக்காவுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

“புதுப் பல்லுக்கு ‘த’தான் சார் எமன். நாக்கு நுனி மேல்பல்லத் தொடணும். சும்மா எண்ணிக்கிட்டே இருந்தாப் போதும். பத்து, இருபது, முப்பதுன்னு எல்லாத்துலயும் ‘த’ வரும்.”

“எதை எண்ணறது?”

“எதையாவது. அதோ கேட்டுல நுழையறாங்க பாருங்க, அவங்கள எண்ணுங்களேன். வாய்விட்டு எண்ணணும்.”

அதிகாரி கேட்டுக்கு நேராக நின்று எண்ண ஆரம்பித்தார். டிபன் கூடையோடு இரண்டு நர்ஸுகள். காய்கறி மூட்டைக்காரர்கள் ஐந்து பேர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், எண்ணப்படுகிறோம் என்று தெரிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இருபத்தேழில் பல்லிடுக்கிலிருந்து ஒரு சின்ன விசில் கேட்டது. நாற்பது தாண்டியதும் அது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நிறைமாதக்காரி ஒருத்தி, குழியும் மேடுமான ரோட்டில் பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள்.

“இதை எப்படி எண்ணறது?” என்றார் அதிகாரி.

“ரெண்டுன்னே போடுங்க சார். ரயிலுக்குப் புண்ணியம்.”

தூரத்தில் வண்டி ஊதியபோது நூற்றி எண்பத்தேழு. ஒரு ‘த’கூடத் தப்பவில்லை.

“உங்களுக்குப் பாஸ் இருக்கும் சார். எனக்கு சீசன் நேத்தோட முடிஞ்சுடுச்சு. ஒரு டிக்கெட் வாங்கிக் குடுத்துடறீங்களா?”

கவுன்ட்டர்வரை போனவர், மூடிய பலகையைப் பார்த்தார். அதில் எழுதியிருந்த எட்டு மணியைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

கூட்டத்தில் அவருக்கு ஜன்னலோரம் கிடைத்ததே பெரிது. ஒரு காய்கறிக்காரர் தன் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு இடம் கொடுத்தார். வெயில் பெட்டிக்குள் நீளமாக விழுந்தது. ஒரு நர்ஸ் வாத்தியாரின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் தோளை அசைக்காமல் பேப்பர் படித்தார். மூட்டைக்காரர் ஒரு கேரட்டைத் துடைத்து நீட்டினார்.

“கடிச்சுப் பாருங்க சார். புதுப் பல்லாமே.”

செய்தி அதற்குள் பெட்டி முழுக்கப் பரவியிருந்தது. அதிகாரி வெட்கப்பட்டுக்கொண்டே கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டதும் பெட்டியே கை தட்டியது. சின்ன வயதில் அப்பாவோடு இப்படிப் போயிருப்பதாகவும், வேலைக்குச் சேர்ந்த பிறகு ஜீப்தான் என்றும், யாரும் கேட்காமலே சொன்னார்.

இரண்டு ஸ்டேஷன் போன பிறகு பல்லக்கா கைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள்.

“கடைசியா வாசிப்புச் சோதனை சார். இதுலயும் நிறைய ‘த’ இருக்கு.”

அவர் கணீரென்று படித்தார். “இந்நிலையத்தில் தினந்தோறும் சராசரியாக மூவர் மட்டுமே…”

அதோடு நின்றுவிட்டது. அது ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ். கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. இந்த மனிதர் டாக்டரம்மாமேல் புகார் எழுதினால் என்னாவது என்று பல்லக்காவுக்கு அப்போதுதான் தோன்றியது. விளையாட்டில் அதுவரை யோசிக்கவில்லை.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டார். “இந்த ஆட்டத்துல உக்கார்ற சோதனை, நெசமாவே உண்டா?”

“இன்னிக்குத்தான் ஆரம்பிச்சோம் சார்.”

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. கடைசியில் வாயைத் திறந்து, கைக்குட்டை இல்லாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தார். பல்லக்காவால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. மேல்வரிசையின் இடது ஓரம் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது.

வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜீப் ஒரு மணி பத்து நிமிடம் கழித்து வந்தது. வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம்.

வண்டியை நிறுத்தும் உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. இனிக் கவுன்ட்டரைக் காலை ஆறு மணிக்கே திறக்க வேண்டும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஓலை வந்தது. அன்றிலிருந்து அவர் பல்லக்காவைக் கண்டால் பச்சைக் கொடியால் முகத்தை மறைத்துக்கொள்கிறார். கூடுதலாக ஒரு பெட்டி கேட்டதற்கு மட்டும், அது பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

டிக்கெட்டை இனி நம் ஊரிலேயே வாங்க வேண்டும் என்று அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். சனங்கள் சொன்ன சொல் தட்டவில்லை. கவுன்ட்டர் திறந்த முதல் நாள் வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. நிறைமாதக்காரியை முன்னால் விட்டாள், வாத்தியாரை விட்டாள், மூட்டைக்காரர்களை விட்டாள். தன் டிக்கெட்டைக் கையில் வாங்கித் திரும்பியபோது வண்டியின் கடைசிப் பெட்டி சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கவுன்ட்டருக்குள் ஸ்டேஷன் மாஸ்டர் அன்றுதான் முதல்தடவையாகச் சிரித்தார். கீழ்வரிசையில் இரண்டு பல் இல்லை என்பதைப் பல்லக்கா கவனித்துக்கொண்டாள்.

“அடுத்த வண்டி எப்ப?”

“பதினொண்ணே காலுக்கு.”

“ஒரு வெள்ளைத் தாள் குடுங்க” என்றாள். கவுன்ட்டர் பலகையிலேயே வைத்து எழுத ஆரம்பித்தாள். காலை ஏழே கால் மணிக்கு இன்னொரு வண்டி விடக் கோரி மனு.